குரூப் 4 எழுத நினைக்கிறீர்களா? படிப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்

"அரசு வேலைக்குப் படிக்கிறேன்" என்று சொல்பவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். எந்தத் தேர்வு, எந்தப் பணி, எத்தனை வருடம் முயற்சி செய்யப் போகிறாய், சான்றிதழ்கள் எல்லாம் கையில் இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் இருக்காது. ஆசை இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. திட்டம் மட்டும் இல்லை. அப்படியே நான்கைந்து வருடம் ஓடிப்போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். மனம் வலிக்கிறது, ஏனென்றால் அவர்களில் பலர் நல்ல அறிவாளிகள்.

தனியார் வேலை பார்த்துக்கொண்டே, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வின் எல்லாக் கட்டங்களையும் கடந்து வந்தவன் நான். படிப்பைவிட, படிப்பைச் சுற்றியிருந்த காகித வேலைகளும் தேதிகளும்தான் என்னை அதிகம் அலைக்கழித்தன. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். எதைப் படிக்க வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதை, எப்போது, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. இலக்கை ஒரு தாளில் எழுதுங்கள், முடிவுத் தேதியோடு

"அரசு வேலை வாங்க வேண்டும்" என்பதை வைத்துக்கொண்டு திட்டம் போட முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "அடுத்த இரண்டு குரூப் 4 தேர்வுகளை எழுதுவேன். இளநிலை உதவியாளர் அல்லது தட்டச்சர் பணி. அதற்குள் கிடைக்காவிட்டால் இன்ன வேலைக்கு முழுதாகப் போவேன்." கடைசி வரியை எழுதும்போது கை தயங்கும். ஆனால் அதுதான் முக்கியமான வரி. முடிவு தெரிந்திருந்தால்தான் ஒவ்வொரு மாதமும் மதிப்புள்ளதாகத் தெரியும்; வீட்டில் இருப்பவர்களும் நம்பிக்கையோடு துணை நிற்பார்கள். "இன்னும் எத்தனை நாள்?" என்ற கேள்வியை அப்பா கேட்பதற்கு முன் நீங்களே பதில் சொல்லிவிடுவது நல்லது.

எழுதுவதற்கு முன் வயது வரம்பைப் பார்த்துவிடுங்கள். அறிவிக்கை வெளியாகும் ஆண்டின் ஜூலை 1ஆம் தேதியில் உங்கள் வயது என்ன என்பதுதான் கணக்கு. பெரும்பாலான பணிகளுக்குக் குறைந்தபட்சம் 18, கிராம நிர்வாக அலுவலர் பணிக்கு 21. உச்ச வரம்பு வகுப்புக்கும் பணிக்கும் ஏற்ப மாறும் என்பதால் கடைசியாக வந்த அறிவிக்கையை எடுத்து உங்கள் வரிசையில் விரல் வைத்துப் பாருங்கள். யாரோ சொன்னதை நம்ப வேண்டாம்.

கால அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024இல் ஜனவரி 30 அன்று அறிவிக்கை வந்தது, ஜூன் 9 தேர்வு, அக்டோபர் கடைசியில் முடிவு. 2025இல் ஏப்ரல் 25 அறிவிக்கை, ஜூலை 12 தேர்வு. அதாவது 2025இல் அறிவிக்கைக்கும் தேர்வுக்கும் இடையே இருந்தது பதினோரு வாரம்தான். "நோட்டிபிகேஷன் வரட்டும், ஆரம்பிக்கலாம்" என்று காத்திருந்தவர்களுக்குப் புத்தகத்தை ஒருமுறை புரட்டவே நேரம் போதவில்லை. தேர்வாணையம் முந்தைய ஆண்டே ஆண்டுத் திட்ட அட்டவணையை வெளியிட்டுவிடுகிறது. அதில் இருக்கும் தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒன்பது மாதமாவது இருந்தால் நிதானமாகச் செய்யலாம்.

2. முதல் மாதம் முழுக்கச் சான்றிதழ்களுக்கு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மதிப்பெண் வாங்கியும் சான்றிதழில் சறுக்கியவர்களைப் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெயர் பொருத்தம்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெயர், முன்னெழுத்து, அப்பா பெயர், பிறந்த தேதி நான்கும் ஒன்றாக இருக்கிறதா? நம் ஊரில் முன்னெழுத்து ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருக்கும், ஒன்றில் அப்பா பெயரே முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் திருத்தம் செய்வது பள்ளி வழியாகத் தேர்வுத் துறை வரை போகும் நீண்ட வேலை. அதனால் முடிந்தவரை ஆதாரை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயர் திருத்தக் கட்டணம் 75 ரூபாய். ஆனால் கவனம்: பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். விண்ணப்பத்தில் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

சாதிச் சான்றிதழ்: இ-சேவை மையத்தில் 60 ரூபாய். குடும்ப அட்டை, ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், அப்பா அல்லது அம்மாவின் சாதிச் சான்றிதழ், புகைப்படம் ஆகியவற்றின் அசலையே கொண்டுபோங்கள். அங்கேயே ஸ்கேன் செய்துவிடுவார்கள். மையத்தில் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேசை மேசையாகத் தாண்ட வேண்டும். ரசீதில் இருக்கும் விண்ணப்ப எண்ணை வைத்து எந்த மேசையில் நிற்கிறது என்று வாரம் ஒருமுறை பாருங்கள். எங்கேயாவது அசையாமல் கிடந்தால் நேரில் போய் மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு கூடுதல் ஆவணம் கேட்டிருப்பார்கள், குறுஞ்செய்தி நம் கண்ணில் பட்டிருக்காது.

திருமணமான பெண்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். சாதிச் சான்றிதழில் இருக்க வேண்டியது உங்கள் அப்பாவின் பெயர். கணவர் பெயரில் வாங்கிய சான்றிதழைத் தேர்வாணையம் ஏற்பதில்லை. உங்களை இட ஒதுக்கீடு இல்லாத இதர வகுப்பில் சேர்த்துவிடும். திருமணத்துக்குப் பிறகு குடும்ப அட்டை, ஆதார் எல்லாம் கணவர் பெயருக்கு மாறிவிடுவதால் இ-சேவை மையத்தில் அதைப் பார்த்து அப்படியே தட்டிவிடுவார்கள். என் தோழி ஒருவருக்கு இதுதான் நடந்தது. மறுபடி பிறந்த ஊருக்குப் போய் முதலிலிருந்து விண்ணப்பித்து, கைக்குழந்தையோடு அலுவலகப் படியேறினார். விண்ணப்பிக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அப்பா பெயர்தான் வரணும்."

தமிழ் வழிச் சான்றிதழ்: தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. குரூப் 4 பத்தாம் வகுப்புத் தரம் என்பதால் ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். தொடக்கப்பள்ளி ஓர் ஊர், நடுநிலை ஓர் ஊர், உயர்நிலை ஓர் ஊர் என்றால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். அறிவிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும் படிவத்தையே அச்செடுத்துக் கொண்டுபோங்கள். பள்ளியில் வைத்திருக்கும் பழைய படிவத்தில் வாங்காதீர்கள். தலைமை ஆசிரியர் கையொப்பம், பள்ளி முத்திரை, தேதி மூன்றையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். மே மாதம் போனால் பள்ளி விடுமுறை. நீங்கள் படித்த பள்ளி மூடப்பட்டிருந்தாலோ வேறு பள்ளியோடு இணைக்கப்பட்டிருந்தாலோ பதிவேடுகள் எங்கே போயின என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டியிருக்கும். அதற்கே வாரங்கள் ஆகும். இந்த ஒதுக்கீட்டுக்குத் தகுதி இருந்தும் காகிதம் கிடைக்காமல் விட்டுவிடுவது, சம்பாதித்ததை வங்கியிலேயே மறந்துவிட்டு வருவதைப் போன்றது.

எல்லாம் வந்த பிறகு ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அசலை ஒரே கோப்பில், ஒரே இடத்தில் வையுங்கள். அந்த இடம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

3. ஒருமுறைப் பதிவும் விண்ணப்பமும்

தேர்வாணைய இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்ய 150 ரூபாய். ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆதார் எண் வேண்டும். உங்கள் சொந்தக் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் வேண்டும். பிரவுசிங் சென்டர்க்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு, கடவுச்சொல் மறந்துபோய்த் தவித்தவர்கள் நிறைய. ஐந்து ஆண்டும் உங்கள் கையிலேயே இருக்கப்போகும் எண்ணைக் கொடுங்கள்.

ஒருமுறைப் பதிவு என்பது தேர்வுக்கான விண்ணப்பம் ஆகாது. பதிவு செய்துவிட்டு, விண்ணப்பித்துவிட்டதாக நினைத்து நிம்மதியாக இருந்தவர்கள் ஹால் டிக்கெட் வராதபோதுதான் விழித்துக்கொள்கிறார்கள். அறிவிக்கை வந்ததும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தேர்வுக் கட்டணம் 100 ரூபாய்.

பட்டியல் வகுப்பினர், அருந்ததியர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்குத் தேர்வுக் கட்டணம் முழு விலக்கு. பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு மூன்று முறை மட்டும் விலக்கு. முன்னாள் படைவீரர்களுக்கு இரண்டு முறை. இந்த மூன்று முறையை எண்ணி வையுங்கள். விண்ணப்பத்தில் விலக்குக் கேட்டாலே ஒன்று கழிந்துவிடும், தேர்வுக்குப் போனாலும் போகாவிட்டாலும். மூன்றும் முடிந்த பிறகு தவறுதலாக விலக்குக் கேட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். சந்தேகமாக இருந்தால் 100 ரூபாயைக் கட்டிவிடுங்கள்.

விண்ணப்பத்தைக் கடைசி இரண்டு நாளுக்கு வைக்காதீர்கள். கடைசித் தேதிக்குப் பிறகு திருத்திக்கொள்ளச் சில நாள் அவகாசம் தருகிறார்கள். அந்த நாட்களையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, ஒருமுறை உள்ளே போய்த் தமிழ் வழி, வகுப்பு, பிறந்த தேதி மூன்றையும் பாருங்கள்.

4. பணம்: எதற்குச் செலவு, எதற்கு வேண்டாம்

கட்டாயச் செலவு மிகக் குறைவு. பதிவு 150, தேர்வு 100, சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் 60, அச்சு, பேருந்துக் கட்டணம். இது யாரையும் தடுக்கக்கூடிய தொகை இல்லை. தடுப்பது பயிற்சி நிலையக் கட்டணமும், வேலையை விட்டுவிட்டுப் படிக்கும் முடிவும்தான்.

வேலையை விடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. வருமானம் நின்றதும் ஒவ்வொரு நாளும் பதற்றத்தோடு விடியும். பதற்றத்தில் படிப்பது மனதில் நிற்காது. வேலை மிகக் கடினமாக இருந்தால் கடைசி ஆறு வாரம் மட்டும் விடுப்புக் கேட்டுப் பாருங்கள், அதற்கான சம்பளத்தை இப்போதிலிருந்தே மாதாமாதம் ஒதுக்கி வையுங்கள்.

பாடப்புத்தகங்கள் தமிழ்நாடு பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய வினாத்தாள்கள் தேர்வாணைய இணையதளத்திலேயே இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. தனியார் நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை அங்கே போய்ப் பாருங்கள். படிக்க இடம் இல்லாதவர்களுக்கு மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் போட்டித் தேர்வுப் பிள்ளைகளால் நிரம்பி வழிகின்றன. அங்கே போய் உட்கார்ந்தாலே படிக்கத் தோன்றும்.

ஒரே பாடத்துக்கு நாலு கைடு வாங்காதீர்கள். பள்ளிப் புத்தகத்தை மூன்று முறை படித்தவர், நாலு கைடை ஒருமுறை படித்தவரைவிட எப்போதும் முன்னால் நிற்பார்.

5. மணி நேரத்தை எண்ணிப் பங்கிடுங்கள்

"தினமும் எட்டு மணி நேரம் படிப்பேன்" என்று சுவரில் ஒட்டுவதால் பயனில்லை. உண்மையில் கிடைக்கும் நேரத்தை எண்ணுங்கள். வேலைக்குப் போகிறவருக்குத் திங்கள் முதல் சனி வரை தினமும் இரண்டு மணி நேரம், ஞாயிறு ஐந்து மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்கு 17. ஒன்பது மாதத்துக்குச் சுமார் 38 வாரம். பெருக்கினால் 646 மணி நேரம். இதில் காய்ச்சல், கல்யாணம், பொங்கல், தீபாவளி, வேலை இடத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு என்று கால்வாசி போய்விடும். போகட்டும், அதையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள். மிஞ்சுவது சுமார் 480. உங்கள் கையிருப்பு அவ்வளவுதான்.

இப்போது தேர்வைப் பாருங்கள். 200 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு 100 வினா, 150 மதிப்பெண். இதில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அடுத்த 100 வினாக்களில் பொது அறிவு 75, திறனறிவு 25.

2025இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் தமிழ்ப் பகுதி இப்படிப் பிரிகிறது: இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் 15. பழைய குறிப்பேடுகளை அண்ணனிடமோ அக்காவிடமோ வாங்கிப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முன்பு நூலாசிரியர் பெயர்களை மனப்பாடம் செய்து தப்பித்தவர்கள் உண்டு. இப்போது இலக்கணமும் மொழிப் பயன்பாடும்தான் பெரும்பங்கு.

அதனால் என் பங்கீடு இது: தமிழுக்கு 190 மணி நேரம், பொது அறிவுக்கு 150, திறனறிவுக்கு 70, மாதிரித் தேர்வுக்கும் திருப்புதலுக்கும் 70. திறனறிவில் 25 வினாதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீப்பெரு பொது வகுத்தி, பரப்பளவு, வேலையும் நேரமும் என்று தலைப்புகள் குறைவு. விடாமல் கையால் போட்டுப் பழகினால் 20 வினாக்களுக்கு மேல் சரியாக வரும். பொது அறிவைப் போல அது ஏமாற்றாது. காலையில் எழுந்ததும் கணக்கு, இரவில் தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். களைத்த மூளைக்குக் கணக்கு ஏறாது.

மாதம் ஒருமுறை, ஒரு ஞாயிறு காலை சரியாக 9.30 மணிக்கு உட்கார்ந்து 12.30 வரை பழைய வினாத்தாள் ஒன்றை முழுதாக எழுதுங்கள். உண்மைத் தேர்வும் அதே நேரம்தான். மதிப்பெண்ணை முதல் நாள் இலக்கு எழுதிய அந்தத் தாளிலேயே குறித்து வாருங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் எண் ஏறவில்லை என்றால் படிக்கும் முறையில் கோளாறு இருக்கிறது. எந்தப் பகுதியில் போகிறது என்று பிரித்துப் பார்த்து, மணி நேரப் பங்கீட்டை மாற்றுங்கள். திட்டத்தை மாற்றலாம், அதற்காகத்தான் அதை எழுதி வைக்கிறோம். முடிவுத் தேதியை மட்டும் தள்ளிக்கொண்டே போகாதீர்கள்.

டெலிகிராம் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. "கட் ஆஃப் எவ்வளவு வரும்", "பணியிடம் கூடுமா" என்று இரவு முழுக்கப் பேசுவார்கள். படித்ததைப் போன்ற ஓர் உணர்வு கிடைக்கும், மணி நேரம் கழியும். அதிகாரபூர்வ இணையதளத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

6. தேர்வு நாள்

ஹால் டிக்கெட் வந்ததும் தேர்வு மையத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பள்ளிகள் இருக்கும் ஊர்கள் நிறைய. காலை 9 மணிக்கு மேல் வருபவர்களை உள்ளே விடுவதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும். எட்டரை மணிக்கு வாசலில் இருங்கள். கறுப்பு மை பந்துமுனைப் பேனா இரண்டு, ஹால் டிக்கெட், அடையாள அட்டை.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் எந்த வினாவையும் வெறுமையாக விடக்கூடாது. வட்டங்களை நிரப்பும் விடைத்தாளில் (ஓஎம்ஆர் தாள்), விடை தெரியவில்லை என்பதற்கென்றே ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது. 200 வட்டம் நிரப்பவே கணிசமான நேரம் போகும். வீட்டிலேயே ஓஎம்ஆர் தாளை அச்செடுத்து நிரப்பிப் பழகியிருந்தால் கடைசிப் பத்து நிமிடம் கை நடுங்காது.

7. தேர்வு முடிந்த மறுநாள்

முடிவு வர மூன்று நான்கு மாதமாவது ஆகும். 2022 ஜூலையில் நடந்த தேர்வுக்கு 2023 மார்ச்சில்தான் முடிவு வந்தது. இந்த இடைவெளியைத்தான் பெரும்பாலோர் வீணாக்குகிறார்கள்.

தட்டச்சு வகுப்பில் சேருங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கிறது. தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை, அல்லது ஒன்றில் முதுநிலையும் மற்றதில் இளநிலையும் வேண்டும். அந்தத் தகுதி உள்ளவர்கள் குறைவு என்பதால் போட்டியும் குறைவு. குரூப் 4 கிடைக்காமல் போனாலும் வழக்கறிஞர் அலுவலகம், ஆவண எழுத்தர், அச்சகம் என்று எங்கே போனாலும் அந்தத் தகுதி சோறு போடும். முதல் தாளில் "அதற்குள் கிடைக்காவிட்டால்" என்று எழுதிய வரிக்கு இப்போதே ஓர் அடித்தளம்.

முடிவு வந்து உங்கள் எண் பட்டியலில் இருந்தால் சான்றிதழ்களை இணையத்தில் பதிவேற்றச் சொல்வார்கள். அவகாசம் குறுகியது. அறிவிப்பு இணையதளத்தில்தான் வரும். குறுஞ்செய்தி வராமல் போகலாம், தனிக் கடிதம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்தது சென்னையில் நேரடிச் சான்றிதழ் சரிபார்ப்பும் கலந்தாய்வும். நேர்காணல் கிடையாது, யாராவது "ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் நடக்கும்" என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கலந்தாய்வில் உங்கள் முறை வரும்போது மாவட்டமும் துறையும் தேர்ந்தெடுக்க நிமிடக் கணக்கில்தான் நேரம் இருக்கும். அதனால் முந்தைய வாரமே வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து, விருப்ப வரிசையில் பத்து மாவட்டங்களை எழுதிக்கொண்டு போங்கள். அம்மாவின் மருத்துவமனை, பிள்ளையின் பள்ளி, வாடகை எல்லாவற்றையும் அந்தப் பேச்சிலேயே பேசி முடித்துவிடுங்கள். உங்களுக்கு முன்னால் இருப்பவர்கள் எடுக்க எடுக்கத் திரையில் இடங்கள் குறைந்துகொண்டே வரும். கையில் இருக்கும் பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்து, உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் மிஞ்சியிருப்பதில் மேலே இருப்பதைச் சொல்லுங்கள்.